தேத்தண்ணி குடிக்காத அந்திகள்

அக்கா,

நேற்று அலமாரியைக் காலி செய்தபோது, துருவப் பகுதியில் நீங்கள் எழுதிய குறிப்பேடு அகப்பட்டது. அட்டையில் பழைய தேநீர்க் கறை. பார்த்ததும் சிரித்துவிட்டேன். நீங்கள் காலமாகி இரண்டு வருடமாகிறது.

2000களின் நடுவில், ஜெர்மனியின் வுப்பர்டாலில், நான் மதுரையிலிருந்து வந்த ஆய்வு மாணவன். நீங்கள் பல்கலைக்கழகப் பட்டறையில் கருவி செய்பவர். அந்தி வெளிச்சத்தை அளக்கத் துருவப் பகுதிக்கு நான்தான் போயிருக்க வேண்டும். விசா நீட்டிப்புக்கு டெர்மின் என்கிற சந்திப்பு நேரம் கிடைக்காமல் மாட்டிக்கொண்டேன். "நான் போறன், என்ர கருவிதானே" என்றீர்கள்.

நம் ஊரில் அந்தி கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். அங்கே சூரியன் சாய்வாக இறங்குவதால் மணிக்கணக்கில் நீளும். பூமியின் நிழல் மெல்ல ஏற ஏற வானத்து வெளிச்சம் எப்படிக் குறைகிறது என்று அளந்தால், எந்த உயரத்தில் என்ன மிதக்கிறது என்று தெரியும். நீங்கள் அனுப்பிய அளவுகளைக் கோடாக வரைந்தால், தினமும் ஒரே உயரத்தில் ஒரு சிறு மேடு. யாரும் காணாத தூசிப் படலம் என்று தலைகால் புரியாமல் ஆடினேன். அது உறுதியானால் உதவித்தொகை நீளும் என்று பேராசிரியரும் சொல்லியிருந்தார். கட்டுரை தயார். அனுப்புவதற்கு முதல் நாள் உங்கள் தொலைபேசி வந்தது.

"தம்பி, அது உம்மட தூசி இல்லை. என்ர தேத்தண்ணி."

சூரியன் மறைந்ததும் கருவியை ஓடவிட்டு, தினமும் அரை மணி கழித்துச் சமையலறை விளக்கைப் போட்டுத் தேநீர் வைத்திருக்கிறீர்கள். ஜன்னல் வெளிச்சம் பனியில் பட்டுக் கருவிக்குள் போயிருக்கிறது. அந்த அரை மணி மாறாததால் மேடும் அதே உயரத்தில். சந்தேகம் வந்து மூன்று நாள் விளக்கைப் போடவில்லை, மேடு இல்லை. நாலாம் நாள் போட்டீர்கள், வந்துவிட்டது.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. யாருக்குத் தெரியப்போகிறது, பேசாமல் இருந்திருக்கலாமே என்றுகூடக் கேட்டேன். இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

"எனக்குத் தெரியுமே தம்பி" என்றீர்கள், அவ்வளவுதான்.

உதவித்தொகை நின்றது. அகப்பட்ட வேலையெல்லாம் பார்த்து ஒரு வருடத்தை ஒப்பேற்றினேன். ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு உங்கள் வீட்டில். துருவப் பகுதியில் மீதியிருந்த ஐந்து வாரமும் அந்தக் குளிரில் அந்தி முடியும்வரை தேநீர் குடிக்காமல் நீங்கள் எடுத்த அளவுகளால்தான் பட்டம் வாங்கினேன். ஆனால் ஆய்வேட்டில், வேறு வெளிச்சம் கலந்ததால் முதல் அளவுகள் நீக்கப்பட்டன என்று ஒரே வரி. கண்டுபிடித்தது யாரென்று எழுத அன்று மனம் வரவில்லை.

இப்போதும் ஒரு முடிவு எனக்கு ரொம்பப் பிடித்துப்போனால், கட்டுரையை மூடிவைத்துவிட்டு, முடிவைக் கெடுத்திருக்கக்கூடிய என் பக்கத்து விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துப் பார்க்கிறேன். பல மேடுகள் காணாமல் போயிருக்கின்றன, அக்கா. இப்போதெல்லாம் கோபம் வருவதில்லை. உங்களுக்கு நன்றி சொல்லிவிட்டு எழுந்துபோய்த் தேநீர் வைக்கிறேன்.