மணி ஒயரில் தேன்சிட்டு

என் தங்கத்துக்கு,

வாசல் மணியை ஏன் இன்னும் சரிசெய்யவில்லை என்று கேட்டிருந்தாய். அதன் ஒயரில் ஒரு தேன்சிட்டு கூடு கட்டியிருக்கிறது. நான் தைத்துவிட்டு வெட்டிப் போட்ட நூலெல்லாம் அதில்தான் தொங்குகிறது.

மணியைப் பார்க்க வந்த எலக்ட்ரீசியன் அண்ணாந்து பார்த்துவிட்டுப் பெட்டியை மூடினார். “குஞ்சு பறக்கட்டும்மா. அதுவரைக்கும் வர்றவங்க கதவைத் தட்டட்டும்” என்றார்.

மறுநாள் கூட்டைப் பார்க்க வந்தார். அதற்கு மறுநாளும் வந்தார். குஞ்சுகள் இரண்டும், தாய் இரை கொண்டுவந்தால் கூடே ஆடும்படி வாயைப் பிளக்கும். “சாப்பாட்டு விஷயத்துல அப்படியே என்னை மாதிரி” என்றார். வயிறு வலிக்கச் சிரித்தேன். உன் அப்பா போனபிறகு நான் அப்படிச் சிரித்ததில்லை. பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்தாள். பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

சின்னது பறக்கத் தயங்கியபோது இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். அது ஒரே தாவலில் எதிர்வீட்டு மரத்துக்குப் போய்விட்டது.

கூடு காலியாகி ஒரு வாரமாகிறது. அவர் நேற்றும் வந்தார்.

“இன்னைக்கு எதைப் பாக்க வந்தீங்க?” என்றேன்.

அவர் காலிக் கூட்டை அண்ணாந்து பார்த்தார். நானும் வற்புறுத்தாமல் தேநீர் போட உள்ளே போனேன்.

லீவுக்கு நீ வரும்போது அவரும் சாப்பிட வருவார். முகத்தை உர்ரென்று வைத்துக்கொள்ளாதே, என் செல்லம்.

உன் அம்மா