முற்றத்தில் சாத்திய துடுப்புகள்

குறிஞ்சாக்கேணி
30.10.1980, வியாழன்

அன்புக்கும் துஆவுக்கும் உரிய மகன் ஸுஹைருக்கு, உம்மா ஸலாம் சொல்லி எழுதுவது. அல்லாஹ்வின் காவலில் இங்கே எல்லோரும் உடம்புக்குச் சுகமாக இருக்கிறோம், தோஹாவில் நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன். மனச்சுகத்தை மட்டும் கேட்காதே மகன். காலையிலிருந்து எனக்குக் கால் ஓரிடத்தில் தரிக்கவில்லை. குசினிக்குள் போகிறேன், அடுப்பில் என்ன வைத்தேன் என்று மறந்து திரும்பி வருகிறேன், துறையடிக்குப் போய்க் களப்பைப் பார்க்கிறேன், பார்த்தால் இன்னும் பயம் பிடித்து ஓடி வருகிறேன். உன் தங்கச்சி ஸல்ஹாவுக்கு மாதம் நிறைந்து விட்டது. மிட்வைப் மிஸ்ஸி போன கிழமை வந்து தடவிப் பார்த்துவிட்டு, பிள்ளை குறுக்கே கிடக்கிறது, வீட்டில் வைத்துப் பெறுவிக்க ஏலாது, நோவு கண்டவுடன் தோணியில் களப்பைக் கடந்து திருகோணமலைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிப் போய்விட்டாள். மருமகனுக்குச் சீனன்குடாவில் எண்ணெய்த் தாங்கியடியில் வேலை, கிழமைக்கு ஒருமுறைதான் வருகிறார். வாடைக்காற்று தொடங்கிவிட்டது. காற்றுக் கொஞ்சம் முறுகினால், காசுக்கு ஆளேற்றும் பகல் தோணிக்காரர் தோணியைக் கட்டிப்போட்டுவிட்டுப் போய்விடுகிறார். வருத்தக்காரரை அக்கரை சேர்க்கவென்று நீயும் கூட்டாளிமாரும் பாடுபட்டு உண்டாக்கிய சங்கத்துத் தோணியோ துறையடியில் கவிழ்ந்து கிடக்கிறது, வலிக்க ஒரு மனிதன் இல்லை.

உனக்கு உன் வாப்பா இதை எழுதியிருக்கமாட்டார். சங்கம் நன்றாக நடக்கிறது என்றுதான் எழுதியிருப்பார். நடந்ததை நான் எழுதுகிறேன், கேட்டுக்கொள். சூறாவளிக்குப் பிந்திய மழையில் உன் கூட்டாளி ஸெய்னுதீனுடைய மச்சினி அசனா, பிள்ளை வயிற்றில் இருக்க, தோணி கிடைக்காமல் இந்தக் கரையிலேயே உயிர் போய் மௌத்தானதும், அதற்குப் பிறகு நீயும் ஸெய்னுதீனும் சேர்ந்து தோணி வலிக்க ஆள் சேர்த்ததும் உனக்குத் தெரிந்த கதைதான். அப்போது உங்களிடம் என்ன சட்டம் இருந்தது? ஒன்றும் இல்லை. யாருக்காவது வருத்தம், நோய் என்றால் நீ சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வீடு வீடாக ஓடுவாய், கேட்டவன் துடுப்பைத் தூக்கிக்கொண்டு வருவான். நீ தோஹாவுக்குப் போனபின் வாப்பா சங்கத்துக்குச் செயலாளரானார். கூட்டுறவுச் சங்கக்கடையில் மனேஜராக இருந்த பழக்கம் அவரை விடுமா? அதோடு நீயும், உன் கம்பனியில் எல்லாம் முறை முறையாக நடக்கிறது, பிந்தினால் மேற்பார்வையாளருக்குப் பதில் சொல்ல வேண்டும், அதனால்தான் வேலை சுத்தம் என்று ஒரு கடிதம் எழுதினாய். அதை அவர் கூட்டத்தில் எழுந்து நின்று வாசித்தார். அன்றிலிருந்து இன்னாருக்கு இன்ன கிழமை என்று முறை போட்டார். வராதவன் காரணம் சொல்ல வேண்டும் என்றார். வீடு வீடாகப் போய்க் கூப்பிடுவது சங்கத்துக்கு அழகில்லை என்று ஒரு விசிலும் வாங்கி வந்தார். விசில் ஊதினால் முன்பெல்லாம் ஓடிவந்த பிள்ளைகள், இன்டைக்கு என்ட முறை இல்லயே என்று திரும்பிப் படுக்கத் தொடங்கினார்கள். பிழை அவர்களில் இல்லை மகன். முறை என்று ஒன்று வந்துவிட்டால் மற்ற நாளெல்லாம் மற்றவனுடையது என்றுதானே ஆகிவிடுகிறது.

அப்படியும் ஐந்து பேர் விடாமல் வந்துகொண்டுதான் இருந்தார்கள். அதையும் கெடுத்தது நோன்புப் பெருநாள் கழிந்து வந்த பள்ளிவாசல் கந்தூரி விருந்து. உனக்குத் தெரியும், கந்தூரி என்றால் தோணிப் பிள்ளைகள் ஒரு சஹனில் இருப்பார்கள், நீயோ வாப்பாவோ ஆறாவது ஆளாகக் கூட இருந்து ஒரே தட்டில் கைபோட்டுச் சாப்பிடுவீர்கள். இம்முறை கச்சேரியிலிருந்து அரசாங்க உத்தியோகப் பெரிய மனிதர்கள் சிலர் வந்தார்கள். சங்கத்துக்கு ஒரு புதுத்தோணி கேட்டுப் பார்க்கலாம் என்று வாப்பாவுக்கு நினைப்பு. அதனால் அவர்களோடு உள்ளே இருந்துவிட்டார். இருந்தது கூடப் பெரிதில்லை. தொண்டர்கள் என்றால் தொண்டு செய்வதை விருந்தாளிகள் கண்ணால் காணட்டும் என்று, அந்த ஐந்து பேருக்கும் நெஞ்சில் பச்சை ரிப்பன் குத்தி, சஹன் சுமக்கவும் கை கழுவத் தண்ணீர் ஊற்றவும் விட்டுவிட்டார். அது அவர்களுக்கு மரியாதை என்றே நினைத்தார், சத்தியமாக அப்படித்தான் நினைத்தார். பந்தி முடிந்து, விருந்தாளிகளை வழியனுப்பிவிட்டு, அவர் வீட்டுக்கு வந்து வெற்றிலையும் போட்டுவிட்டார். அந்தப் பிள்ளைகள் இருந்தார்களா சாப்பிட்டார்களா என்று ஒருவரும் பார்க்கவில்லை.

மறுநாள் விடிந்து நான் முற்றம் கூட்ட வருகிறேன், ஸெய்னுதீன் தன் துடுப்பைக் கொண்டுவந்து நம் வீட்டுச் சுவரில் சாத்திவிட்டுப் போகிறான். ஸலாம் மட்டும் சொன்னான். பகலைக்குள் மற்ற நாலு பேரும் அப்படியே வந்து சாத்தினார்கள். தோணிக்காரன் துடுப்பைக் கொண்டுவந்து ஒருவன் வாசலில் வைத்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று இந்த ஊரில் பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். வாப்பா மட்டும், போகிறவன் போகட்டும், சங்கம் ஆளை நம்பி இல்லை என்றார். சங்கம் ஆளை நம்பாமல் பின்னே நீங்கள் முறை எழுதிய கொப்பியைப் பூட்டி வைத்த அலுமாரியை நம்பியா இருக்கிறது என்று நான் கேட்டேன். இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தார்.

பிறகு புது ஆள் பிடிக்கப் புறப்பட்டார். பள்ளியில் ஒலிபெருக்கியில் சொல்லிப் பார்த்தார், எல்லோரும் ஆமீன் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார்கள். தொண்டு செய்தவர்களுக்குச் சேர்ட்டிபிக்கட் தருவோம், சீனன்குடாவில் வேலை கேட்கும்போது காட்டலாம் என்றார். அதற்குப் படித்த பொடியன்கள் வரிசையில் நின்றார்கள், அது உண்மை. தோணியை இறக்கினார்கள், துறையடியில் வட்டமாகச் சுழன்று போய் மீன்காரர் தண்ணீருக்குள் நட்ட கம்புக்கட்டில் செருகிக்கொண்டார்கள், இழுத்தெடுக்க வேறு ஆள் கூப்பிட வேண்டியதாயிற்று. அதன்பிறகு சேர்ட்டிபிக்கட்டை மட்டும் கேட்டு வருகிறார்கள். கூலி தருவோம் என்றும் ஸெய்னுதீனுக்குச் சொல்லி அனுப்பினார். கூலிக்கெண்டா நான் மீனுக்குப் போவன், மழைக்குள்ள இதுக்கு ஏன் வாறன் என்று பதில் வந்தது. தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற வேலைதான் எல்லாம். ஹஜ்ஜுப் பெருநாளைக்குக்கூட அந்த ஐந்து பேரில் ஒருவரும் நம் வீட்டுப் பக்கம் வரவில்லை. ஸல்ஹா சன்னலால் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

இன்றைக்குப் பின்னேரம் அஸர் தொழுதபின் நானே ஸெய்னுதீன் வீட்டுக்குப் போனேன். அவன் கடலுக்குப் போயிருந்தான், பெண்சாதி உம்மு குல்சும்தான் இருந்தாள். கதிரை போட்டு இருக்கச் சொன்னாள், எனக்கு இருப்புக்கொள்ளவில்லை, எங்களோடு என்ன கோபம் என்று நின்றபடியே கேட்டுவிட்டேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். ராத்தா, சோத்துக்கு இல்ல, தண்ணி ஊத்தினதும் எங்கட ஆளுக்கு வெக்கமில்ல, ஊத்தி முடிஞ்ச பொறகு வா, இரு எண்டு சொல்ல ஒராள் இல்லாமப் போச்சே, அதுதான் என்றாள். சொல்லிவிட்டு இன்னொன்றும் சொன்னாள், அதில்தான் எனக்குத் தலை சுற்றியது. அசனா மௌத்தான அன்று தோணி இல்லாமல் இல்லையாம். தோணியும் இருந்தது, வலிக்க ஆம்பிளைகளும் தங்கள் தங்கள் வீட்டில் இருந்தார்கள். பெண்கள் மட்டும் இருந்த வீடு, போய்க் கூப்பிட ஓர் ஆள் இல்லை. உங்கட மகன் வாசல்ல வந்து நின்டு பேர் சொல்லிக் கூப்பிடுவார், அந்தக் குரலுக்குத்தான் எங்கட ஆள் எழும்பி ஓடினவர் என்றாள். மகன், நீ அதை ஒரு நாளும் எனக்குச் சொல்லவில்லை. நாளை ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு என் வீட்டில் ஒரு சஹன் வைப்பேன், கூப்பிட வேண்டியவர் கூப்பிடுவாரோ மாட்டாரோ தெரியாது, சோறு மட்டும் இருக்கும் என்று சொல்லிவிட்டு வந்தேன். வந்து வாப்பாவிடம் சொன்னேன். நான் என்ன பிழை செய்தனான் என்று துள்ளினார். உள்ளே இருந்து ஸல்ஹாதான், வாப்பா, எனக்குப் பயமா இருக்கு என்றாள். அவர் எழுந்து வெளியே போய்விட்டார்.

வெள்ளி, பொழுதுபட்டு மஃரிபுத் தொழுகைக்குப் பிறகு எழுதுகிறேன். நெய்ச்சோறும் கோழிக்கறியும் கத்தரிக்காய்ப் பொரியலும் ஆக்கினேன். பாயை விரித்துச் சஹனை நடுவில் வைத்தேன். பள்ளியால் வந்த வாப்பா கையைக் கழுவிவிட்டுத் தனியாக அதற்கு முன்னால் உட்கார்ந்தார். சுற்றிவர ஐந்து இடம் வெறுமை. வாசல் கடப்பு திறந்து கிடக்கிறது. தனியாகச் சஹனில் கைவைக்கிற பழக்கம் நமக்கு இல்லை, அவரும் வைக்கவில்லை. சோறு ஆறுகிறது. மகன், கல்யாணம் முடித்த நாளிலிருந்து எத்தனையோ கோலத்தில் அந்த மனிதரைப் பார்த்திருக்கிறேன், அப்படி ஒருநாளும் பார்த்ததில்லை. எழும்புங்க, போதும் என்று சொல்ல வாய்வரை வந்தது, குசினிக்குள் போய்விட்டேன். அஸருக்குப் போகிற வழியில் ஸெய்னுதீன் வந்து கடப்பில் நின்றான். வாப்பா எழுந்தார். ஸெய்னுதீன், வா, இரு என்றார். அவன் சஹனைப் பார்த்தான், வாப்பாவைப் பார்த்தான், ரெண்டு பேருக்கு ஒரு சஹனா காக்கா, பொறுங்க என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தான். அஸர் தொழுகை முடிந்ததும் மற்ற நாலு பேரையும் கூட்டிக்கொண்டு வந்தான். கறியைச் சூடாக்கித் தருகிறேன் என்றேன், வேண்டாம் என்றார்கள். தோணியைப் பற்றி ஒரு கதையும் இல்லை. இறக்கக்கண்டிப் பக்கம் சூடை மீன் படுகிறதாம், அதைப் பற்றித்தான் பேச்சு. போகும்போது அவனவன் தன் துடுப்பைத் தோளில் வைத்துக்கொண்டு போனான். காற்று ஓய்கிற மாதிரியே இல்லை.

மகன், இதைத் திருகோணமலை ஆஸ்பத்திரி விறாந்தையில் இருந்து எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். ஞாயிறு மத்தியானம் லுஹர் நேரம் ஸல்ஹாவுக்கு நோவு வந்தது. மழையும் காற்றும் ஒன்றாகப் பிடித்துக்கொண்டன, பகல் தோணிக்காரர் எப்போதோ போய்விட்டார். வாப்பா விசிலைத் தேடவில்லை. தொப்பியும் இல்லாமல் ஒழுங்கைக்குள் இறங்கி, ஸெய்னுதீன், ஸெய்னுதீன் என்று கத்திக்கொண்டு ஓடினார். ஒரு வீட்டுக்குத்தான் போனார் என்று நினைக்கிறேன், நாங்கள் துறையடிக்கு வரும்போது ஐந்து பேரும் தண்ணீருக்குள் நிற்கிறார்கள், தோணி நிமிர்ந்து நிற்கிறது. வாப்பாவும் ஏறப் பார்த்தார். காக்கா, பாரம் கூடும், நீங்க எறங்குங்க என்று ஸெய்னுதீன் சொல்லிவிட்டான், அவரும் சொன்ன சொல்லுக்கு இறங்கினார். நடுக்களப்பில் நான் கண்ணைத் திறக்கவே இல்லை, கலிமாவைச் சொல்லிக்கொண்டு ஸல்ஹாவின் தலையை மடியில் அமுக்கிக்கொண்டு இருந்தேன். கிண்ணியாக் கரையில் வேன் பிடித்து, பெரிய துறையிலும் படகில் ஏறி இறங்கி ஆஸ்பத்திரிக்கு வரும்வரை ஸெய்னுதீன் ஈரச்சாரத்தோடு கூடவே வந்தான். வயிற்றைக் கீறித்தான் எடுத்தார்கள். பெண் பிள்ளை, அல்ஹம்துலில்லாஹ், தாயும் பிள்ளையும் தப்பிவிட்டார்கள். மருமகனும் சீனன்குடாவால் ஓடி வந்துவிட்டார். இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் என்று டொக்டர் சொல்லத் தொடங்கினார், நான் கேட்கவில்லை, எழும்பி வந்துவிட்டேன்.

ஸெய்னுதீன் செய்தி கேட்டதும் விடியற்காலையில், கிண்ணியாக் கரையில் தோணியோடு காத்திருந்த மற்ற நாலு பேரிடமும் திரும்பிப் போய்விட்டான். நம்மட கரையில தோணி இல்லாட்டி வேறொராளுக்கு என்ன செய்யிற என்று சொல்லித்தான் போனான். இன்று உம்மு குல்சும் பிள்ளை பார்க்க வந்து சொன்னாள். வாப்பா ஞாயிறு நாங்கள் போனதிலிருந்து துறையடியை விட்டு அசையவில்லையாம். தோணி கரையை அண்டியபோது இடுப்பளவு தண்ணீருக்குள் இறங்கிப் போய்க் கயிற்றைப் பிடித்தாராம். பெற்ற மகள் உயிரோடு இருக்கிறாளா இல்லையா என்று அதுவரை அந்த மனிதருக்குத் தெரியாது. தோணிக்குள் இருந்தவர்களைப் பார்த்து முதலில் கேட்டது, சாப்பிட்டீங்களா மக்கள் என்றுதானாம். இதைச் சொல்லும்போது உம்மு குல்சும் அழுதாள், நானும் அழுதேன்.

அந்த ஐந்து பேருக்கும் நீ உன் கையால் ஆளுக்கொரு கடிதம் எழுது. சங்கத்தைப் பற்றி ஒன்றும் எழுதாதே, சுகம் கேட்டு மட்டும் எழுது. வெயிலுக்குள் நின்று தலையில் தண்ணீர் வார்க்காதே, உனக்குச் சளி பிடிக்கும். பிறந்திருக்கும் உன் மருமகளுக்கு ஒரு பெயர் யோசித்து எழுது, வாப்பா நீ சொல்லும்வரை பார்த்துக்கொண்டிருக்கிறாராம். ஐந்து வேளை தொழுகையை விடாதே. போன இடத்தில் உன்னைப் பேர் சொல்லிக் கூப்பிட நல்ல மனிதர்களை அல்லாஹ் தந்தருள்வானாக, ஆமீன்.

உன் வரவை எதிர்பார்த்திருக்கும்
உம்மா
றுக்கியா