கால்வாசித் தண்ணீர்

சிறை, பாளையங்கோட்டை
2.3.2024

அன்பு அக்காவுக்கு,

ஸ்தோத்திரம். அம்மாவுக்குப் பிரஷர் மாத்திரை தீர்ந்திருக்கும், வாங்கிக் கொடு.

மீன்தொட்டி வாங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை. புதுத் தொட்டியில்தான் மீன் சட்டென்று சாகும். சனிக்கிழமைதோறும் கால்வாசித் தண்ணீரை மட்டும் டியூப் போட்டு எடு. முழுவதையும் ஒருபோதும் மாற்றாதே. குழாய்த் தண்ணீரை ஒரு நாள் வாளியில் வைத்து, குளோரின் வாடை போன பிறகு ஊற்று. ஃபில்டர் பஞ்சைத் தொட்டியில் எடுத்த பழைய தண்ணீரிலேயே அலசு. குழாயில் காட்டினால் அதிலிருக்கும் நல்ல கிருமிகள் செத்துப்போகும்.

வேன் விபத்து நடந்த அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் ஐந்திலிருந்து ஏழு வரை நான் வீட்டில் இந்த வேலையைத்தான் செய்துகொண்டிருந்தேன். கோயில் அசன விருந்துக்குக் காய் வெட்டப் போன நீ, இன்னொரு அரிவாள்மனை எடுக்க ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்தாயாமே, அம்மா சொன்னாள். என்னைப் பார்த்தாய் அல்லவா? வக்கீல் வந்து கேட்பார். சொல்லிவிடு.

உன் தம்பி,
ஹெப்ரான்


தச்சநல்லூர்
9.3.2024

அன்புள்ள ஹெப்ரானுக்கு,

மாத்திரை வாங்கியாயிற்று. நீ சொன்னபடியே கால்வாசி மாற்றினேன். எட்டு மீனில் மூன்றுதான் மிச்சம்.

மற்ற ஐந்தும் ஞாயிற்றுக்கிழமையே செத்துவிட்டன. நானும் அம்மாவும் அசனம் முடிந்து, உனக்குச் சோற்றுச் சட்டியோடு வந்தபோது எல்லா மீனும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. தரையெல்லாம் ஈரம். தொட்டி முழுக்கப் புதுத் தண்ணீர், குளோரின் வாடையோடு. சாயங்காலம் போலீஸ் வந்தது.

கால்வாசிக்கு மேல் கூடாது என்று எனக்குப் பாடம் எடுத்தவன் நீ. ஏன் முழுவதையும் மாற்றினாய்?

என்னோடு காய் வெட்டிய ஜெசிக்கு அரிவாள்மனை எடுக்க வந்தேன், உண்மைதான். வீடு பூட்டிக் கிடந்தது. என் சாவியால்தான் திறந்தேன். தொட்டித் தண்ணீர் கலங்கலாகவே இருந்தது. வீட்டில் இருந்தவனுக்கு, நான் வந்ததை அம்மா சொல்ல வேண்டியிருக்காது.

சிறையில் மனுப் போட்டு உன்னைப் பார்க்க நான் வராததற்கு வேலையைக் காரணம் சொன்னேன். அது பொய். கம்பிக்கு அந்தப் பக்கம் உன் முகத்தைப் பார்த்தால் சரி என்று சொல்லிவிடுவேனோ என்று பயம்.

அக்கா,
டார்லின்


சிறை
20.3.2024

அக்கா,

என் கூட இருக்கும் மகேஸ்வரன் சொல்கிறான், "ஏலே, கூடப் பிறந்தவ ஒரு சாட்சி சொன்னா போதும்லா, நீ வெளிய போயிரலாம்." உனக்குத்தான் அது பெரிய மலையாக இருக்கிறது. நிறையப் புத்தகம் படித்தால் தம்பி தெரியமாட்டானோ?

செத்தவர் திரும்பி வரப்போவதில்லை. குடித்துவிட்டு ஓட்டினேன் என்று தெரிந்தால் எத்தனை வருடம் என்று உனக்குத் தெரியுமா? என்னோடு மாறி மாறி வேன் ஓட்டும் ரசீதிடமும் ஒரு சாவி இருக்கிறது. அவனுக்குச் சவுதியில் இரண்டு அண்ணன்மார், எப்படியாவது மீட்டுவிடுவார்கள். எனக்கு நீ மட்டும்தானே?

ஒரு தடவை வந்துவிட்டுப் போ.

ஹெப்ரான்


தச்சநல்லூர்
30.3.2024

என் தம்பி ஹெப்ரானுக்கு,

இதை உனக்கு முன்னால் அங்கே யாராவது படிப்பார்கள் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

வேனில் அடிபட்டுச் செத்த கொம்பையா வீட்டுக்குப் போனேன். நான் யாரென்று சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தேன். அவர் மனைவி என்னைத் திட்டவில்லை. "நாப்பது நிமிசம் உசுரோட கெடந்திருக்காவ தாயி. ஓட்டுனவன் நிறுத்தி ஒரு ஆட்டோவக் கூப்பிட்டிருக்கலாம்லா?" என்று மட்டும் கேட்டார்.

நீ வீட்டில் இருந்தாய் என்றால் வேனை ஓட்டியது ரசீத் என்றாகும். மூன்று நாளாக அவனை ஸ்டேஷனுக்கு வரவழைத்துக்கொண்டிருந்தார்கள். நேற்று நானே போய், பூட்டிய வீட்டைத் திறந்ததையும் ஞாயிற்றுக்கிழமைத் தண்ணீரையும் எழுதிக் கொடுத்துவிட்டேன். ரசீதை அனுப்பிவிட்டார்கள்.

அம்மா நேற்றிரவு கத்தினாள். "ஏட்டி, ஒத்த வார்த்தை சொல்ல நாக்கு கூசுதோ? அவன் உள்ள கெடந்து சாகுதான், அது கூசலையா? ஆண்டவர் மன்னிக்கமாட்டாராட்டி?" அவர் மன்னிப்பார் அம்மா, ரசீதின் அம்மா மன்னிப்பாளா என்று கேட்டேன். அதிலிருந்து என்னோடு பேச்சு இல்லை.

உன்னைக் காட்டிக்கொடுத்தேன் என்றுதான் நினைப்பாய். நினைத்துக்கொள். நீ நடந்ததை நடந்தபடி ஒத்துக்கொண்டால், எத்தனை வருடமானாலும் கூட நிற்பேன். இனி வியாழக்கிழமைதோறும் வருவேன். எனக்குப் பயம் போய்விட்டது.

அக்கா


தச்சநல்லூர்
24.4.2024

ஹெப்ரான்,

மூன்று வியாழனும் வந்தேன். மூன்று முறையும் மனு எழுதிக் கொடுத்து, பெயர் கூப்பிடும்வரை வேப்பமரத்தடியில் நின்றேன். "வரமாட்டேங்கான்மா" என்றார் வார்டர். நேற்று அம்மா தனியாக வந்தபோது மட்டும் வந்தாயாம். அழுதாயாம். ஒரு சுற்று மெலிந்துவிட்டாயாம். அதை ஜெசியிடம் சொல்லியனுப்பினாள் அம்மா, எனக்கும் தெரிந்திருக்கட்டும் என்று.

உனக்கு இடுப்பில் கட்ட இரண்டு சாரமும் ஒரு துண்டும் வாங்கி வைத்திருக்கிறேன். என் பெயரில் கொடுத்தால் திருப்பி அனுப்பிவிடுவாய். ஜெசி தன் பெயரில் கொடுப்பாள். உடுத்திக்கொள்.

டார்லின்