மினிட் புத்தகத்தில் எங்கள் கல்யாணம்

காரைக்குடி
மரியே வாழ்க

அன்பு மகள் வின்சிக்கு அம்மா யூஜினியா எழுதிக்கொள்வது. ஆண்டவர் புண்ணியத்தில் நானும் அப்பாவும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், அப்பாவுக்குச் சர்க்கரை கூடியிருக்கிறது, இல்லையென்று போனில் சொல்வார், நம்பாதே. நீயும் டோனியும் குளிரில் காதை மூடிக்கொண்டு போங்கள். நான் போன் பேசினால் உன் அப்பா டிவி சத்தத்தைக் குறைத்துவிடுகிறார், அதனால்தான் இதை அங்கே திரும்பும் பெல்சியிடம் கொடுத்தனுப்புகிறேன், கவர் ஒட்டியபடியே வந்ததா என்று பார்.

போன வாரம் அப்பாவின் செங்கொடிக் கட்சியிலிருந்து மெய்யநாதன் என்று ஒருவர் வந்தார். கட்சிக்கு நூறு வயதாம், இந்த வட்டாரத்து வரலாறு எழுதுகிறாராம், நம் வீட்டிலிருக்கும், கிளைக் கூட்டங்களில் நடந்ததை எழுதிவைத்த பழைய மினிட் புத்தகம் வேண்டுமாம். பிரிந்துபோனவர்கள் ஐந்து வருஷம் முன்பே நூறு கொண்டாடிவிட்டார்கள், பிறந்த தேதியிலேயே ஒத்துப்போகாதவர்கள் என்ன வரலாறு எழுதப்போகிறார்களோ. அறுபத்துநாலில் கட்சி உடைந்தபோது இங்கே பெஞ்சு, கொடிக்கம்பம் வரை பாகம் பிரித்தார்கள், உன் அப்பா வழித் தாத்தா இந்தப் புத்தகத்தை மட்டும் நெல்லுக்குள் புதைத்துவைத்துக் காப்பாற்றினார், பிறகும் இவர்கள் கிளை அதிலேயே எழுதிவந்தது. கொடுத்தீகன்னா ரெண்டு நாள்ல கொண்டாந்துருவேன் என்று அந்த ஆள் குழைந்த குழைவில் எனக்குச் சந்தேகம் தட்டிவிட்டது, ஏதோ ஒரு பக்கத்தைக் கிழிக்கத்தான் கேட்கிறார் என்று நினைத்தேன். திங்கட்கிழமை வாருங்கள் என்று அனுப்பிவிட்டு நானே ஒவ்வொரு பக்கமாகப் படித்தேன்.

அதில் எங்கள் கல்யாணம் இருந்தது வின்சி. மாதா கோயிலில் தாலி கட்டினால்தான் பெண் என்று என் அப்பா பிடிவாதமாக நின்றதும், அதற்காக உன் அப்பாவைக் கட்சி ஆறு மாதம் தள்ளிவைத்ததும் உனக்குத் தெரியும். தள்ளிவைத்துக் கட்சி அனுப்பிய கடிதத்தில் கையெழுத்து கிளைச் செயலாளர் முத்துவீரனுடையது, அவர்தான் போட்டுக்கொடுத்தார் என்று நாற்பத்திரண்டு வருஷம் அந்த மனிதருக்கு ஒரு வாய் காபி கொடுக்கவில்லை. வாசலிலேயே நின்று பேசிவிட்டுப் போவார். போன வருஷம் அவர் இறந்தபோதும் தலைவலி என்று படுத்துக்கொண்டேன்.

புகார் சொன்னது உன் அப்பா. அந்தக் கட்சியில் தன் தப்பைத் தானே கூட்டத்தில் சொல்ல வேண்டுமாம், சுயவிமர்சனமாம். நாம் பாவசங்கீர்த்தனத்தில் சாமியார் காதில் சொல்வதை இவர் பதினான்கு பேர் முன்னால் எழுந்து சொல்லியிருக்கிறார். அதற்குக் கீழே, தோழர் முத்துவீரன் மட்டும் எதிர்த்தார், பெண் வீட்டார் மனம் நோகாமல் கல்யாணம் செய்தது குற்றமாகாது என்றார் என்று இருக்கிறது. ஓட்டில் தோற்றபின், செயலாளர் என்பதால் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

உன் அப்பாவைக் கேட்டால் நீ கேக்கவே இல்லையே என்கிறார். விடாமல் பிடுங்கியெடுத்தபின் மிச்சத்தைச் சொன்னார். ஒருமுறை என்னிடம் உண்மையைச் சொல்லப்போனவரை முத்துவீரன்தான் தடுத்தாராம், தங்கச்சி கோவம் எம்மேலயே இருக்கட்டும்யா, உம்மேல திரும்புனா வீடு தாங்காது என்றாராம். இரண்டு நாளாக மாத்திரை கொடுக்க மட்டும்தான் அவரோடு பேசுகிறேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மெய்யநாதனை இங்கேயே உட்கார்ந்து எழுதிக்கொள்ளச் சொன்னேன், முத்துவீரன் சொன்னதை விடக்கூடாது என்றேன், தலையாட்டினார், அச்சில் பார்க்கும்வரை நம்பமாட்டேன்.

டோனி எதையாவது மனதில் வைத்திருந்தால் நீயே கேட்டுவிடு, ஊகித்துக்கொண்டிருக்காதே. மாதா உங்கள் இருவரையும் கைவிடாமல் காக்கட்டும். ஞாயிறு பூசை முடிந்ததும் ஆத்தங்குடிக்கு, முத்துவீரன் மனைவி காளியாயியைப் பார்க்கப் போகிறேன். வாசலிலேயே நிற்க வைத்தாலும் நிற்பேன்.

உன் அம்மா
யூஜினியா ஞானசேகர்