தெம்பாவின் பூட்டன் நின்ற பக்கம்

மார்ச் 4, செவ்வாய்

புக்கெகோஹி என்ற ஊரில் வெங்காயம் பொதி செய்யும் வேலைக்கு இப்போது தெம்பாவின் காரில் போகிறேன். நாங்கள் இருக்கும் மனுரேவாவில் பக்கத்துத் தெருக்காரன். தென்னாபிரிக்காவிலிருந்து வந்த சூலு இனத்தவன். வழியெல்லாம் தன் இராச்சியக் கதைதான். ஷாகா என்றொருவன் சின்னஞ்சிறு குலத்தைப் பன்னிரண்டே வருடத்தில் பேரரசாக்கினானாம். அரசன் அனுமதிக்காமல் போர்வீரன் கலியாணம் கட்ட முடியாதாம்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எங்கட இயக்கத்திலயும் அப்பிடித்தான்" என்றேன். பதினைந்து வருடமாக இந்த நாட்டில் இயக்கத்தைப் பற்றி ஒருவரிடமும் வாய் திறக்காதவன். நுணலும் தன் வாயால் கெடும்.

மார்ச் 7, வெள்ளி

இன்று அவர்களுடைய பெருவெற்றிக் கதை. ஈட்டியோடு போய், வெள்ளையரின் துப்பாக்கிப் படையில் ஆயிரத்து முந்நூறு பேரை ஒரே பகலில் வீழ்த்தினார்களாம். தெம்பா ஸ்டியரிங்கில் தட்டித் தட்டிச் சொன்னான். அந்தச் சந்தோஷம் எனக்குத் தெரியும். நாங்களும் வெடி கொளுத்தியவர்கள்தான்.

ஆறே மாதத்தில் அவர்களுடைய தலைநகர் சாம்பல். அதுவும் தெரியும்.

மார்ச் 9, ஞாயிறு

ஒனிஹங்கா தேவாலயத்தில் தமிழ்ப் பூசை. வசந்தமலர் என்றொரு அக்கா மன்னாரிலிருந்து மகனிடம் வந்திருக்கிறார். தேத்தண்ணி குடிக்கும்போது என் மனைவி றோஸ்மேரியிடம் சொன்னார்: "சண்டை முடிஞ்சு காம்பில வைச்சுத்தான் ஆமி என்ர தம்பி அன்ரனைப் பிடிச்சது. சாக்கால முகம் மூடின ஒருத்தன், இவன் இயக்கம் எண்டு தலையாட்டினவனாம். அதுக்குப் பிறகு ஆளில்லை."

றோஸ்மேரி அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள்.

அந்தச் சாக்குக்குள் இருந்தது நான் — எழுதிவிட்டேன். அன்ரன் என்னோடு ஒரே அணியில் நின்றவன். தலையாட்டினால் உன் மனைவியை விடுவோம் என்றார்கள். விட்டார்கள். ஏன் விட்டார்கள் என்று றோஸ்மேரிக்கு இன்றுவரை தெரியாது.

மார்ச் 11, செவ்வாய்

வெள்ளையர் சூலு நாட்டைப் பதின்மூன்று துண்டாக்கிப் பதின்மூன்று பேரிடம் கொடுத்தார்களாம். சிறைபோன அரசன் திரும்பி வந்தான். ஒரு விடியலில் சொந்த உறவுக்காரனே படையோடு வந்து எரித்தான். அரசன் காயத்தோடு ஓடினான். இராச்சியம் அன்றுதான் முடிந்தது என்றான் தெம்பா.

"என் பூட்டன் எரித்த பக்கத்தில் நின்றவர். இன்றைக்கும் கலியாணப் பேச்சில் கிழவர்கள் அதை எடுப்பார்கள்."

நூற்று நாற்பது வருடம்!

"அவர் தன்ர வாயால சொன்னவரா?"

"இல்லை. மற்றவர்கள்தான் எங்களுக்குச் சொன்னார்கள்."

மார்ச் 13, வியாழன்

வேலைக்குப் போகவில்லை. மகள் ஜனுஷா இரண்டு தரம் வந்து எட்டிப் பார்த்தாள். இவளுக்கு யார் சொல்லப் போகிறார்கள்? எந்தக் கலியாண வீட்டில்?

மார்ச் 16, ஞாயிறு

பூசை முடிந்து வசந்தமலர் அக்காவிடம் சொன்னேன். றோஸ்மேரியும் நின்றாள்.

அக்கா அழவில்லை. "அவன் உம்மைக் கண்டவனா?" என்று மட்டும் கேட்டார்.

"இல்லை அக்கா. முகம் மூடியிருந்தது."

திரும்பி நடந்து போய்விட்டார்.

"என்னை விடுவிக்கவா? என்னட்ட ஒரு சொல்லுக் கேட்டனீங்களா?" என்றாள் றோஸ்மேரி. ஐயோ, எப்படிக் கேட்பது? எங்கே வைத்துக் கேட்பது?

மார்ச் 22, சனி

தாயும் மகளும் றோஸ்மேரியின் தங்கை வீட்டில். உடுப்பு எடுக்க ஜனுஷா மட்டும் வந்தாள். என்னோடு எப்போதும் ஆங்கிலத்தில் கதைப்பவள், இன்று தமிழில் கேட்டாள்.

"அப்பா, எத்தினை பேர்?"

ஏழு என்றேன்.

பெயர்களைக் கேட்டாள். அன்ரனிலிருந்து தொடங்கினேன். ஏழையும் ஃபோனில் எழுதி முடித்துவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு போனாள்.