நெற்றிக்கு எட்டாத கை

ஞாயிறு, செங்கல்பட்டு

கழுத்தில் தண்டுவட அழுத்தத்தை நீக்கும் ஆபரேஷனுக்குப் பிறகு இன்றுதான் சர்ச்சில் முதல் பூசை. மரத்துப்போயிருந்த விரல்கள் சரியாகிவிட்டன. ஆனால் வலது தோள் விழுந்துவிட்டது; கை நெஞ்சுக்கு மேல் எழுவதில்லை. "ரொம்ப அபூர்வமா சிலருக்கு இப்படி ஆகும்மா. நரம்பு மெதுவா சரியாயிடும்" என்றார் டாக்டர்.

பூசை தொடங்கியதும் சிலுவை அடையாளம் போடப் போனேன். கை பாதியில் நின்றது. இடது கையைத் தூக்கினேன். பக்கத்திலிருந்த நாத்தனார் அதைப் பிடித்து இழுத்தாள்.

"இன்னா அண்ணி, எடது கையாலயா போட்ற? ஜனங்க பாக்குறாங்க. சும்மா இரு, ஆண்டவருக்குத் தெரியும்."

அந்த 'சும்மா இரு'தான் சுருக்கென்றது. முழந்தாளிட்டேன். வலது கையை முன் பெஞ்சில் எடுத்து வைத்தேன். குனிந்து நெற்றியை விரல்களில் வைத்தேன். அப்புறம் நெஞ்சு. தோள்களை ஒவ்வொன்றாகச் சாய்த்து விரல்களிடம் கொண்டுவந்தேன். கோணல்மாணலாகத்தான் வந்தது. நான் ஆமென் சொல்வதற்குள் ஃபாதர் அடுத்த ஜெபத்துக்குப் போய்விட்டார். பரவாயில்லை.

படுக்கும் முன் இன்னொரு முறை போட வேண்டும். இடது கையைத் தலையணைக்கு அடியில் வைத்துவிடப் போகிறேன். அது உதவிக்கு வரக் கூடாது.