ஜெனீவாவுக்கு வைத்த மாவு

ஒஹாயோ
நவம்பர், ஞாயிறு மாலை

அன்பு மகள் டெனிஸுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் அந்த அலாஸ்காக் குளிரில் சளி, இருமல் இல்லாமல் இருக்க வேண்டும் என்பதுதான் என் தினசரி ஜெபம். மனசு எப்படி இருக்கிறது என்று ஒவ்வொரு முறையும் போனில் கேட்கிறாய். கேட்காதே கண்ணு, சொல்ல ஒன்றும் இல்லை. மார்ச் மாதத்தில் எப்படி இருந்ததோ அப்படியே இருக்கிறது. வலிக்கிறது என்றுகூடச் சொல்ல முடியவில்லை, மரத்துப்போய்க் கிடக்கிறது.

சோளம் அறுவடை முடிந்துவிட்டது. மழை வருவதற்கு முன்னால் முடித்துவிட்டோம் என்று அப்பாவுக்குத் திருப்தி. முழங்கால் வலியை டாக்டரிடம் காட்டச் சொன்னால், காட்டினால் வலி இருக்கிறது என்று சொல்வான், அது எனக்கே தெரியும் என்கிறார். இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாம். கடிதமாக எழுதுவதற்கு வேறு காரணம் இருக்கிறது, போனில் சொன்னால் நீ பாதியிலேயே வைத்துவிடுவாய். வெல்மா நம் வீட்டுக்கு வந்தாள். உள்ளே வந்து உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டும் போனாள். தம்பியைப் புதைத்துவிட்டு வந்த அன்றைக்கு, அந்த வீட்டு ஆளுங்க இந்த வாசலை மிதிச்சா நான் இந்த வீட்டுக்கே வரமாட்டேன்மா என்று நீ சொன்னது எனக்கு மறக்கவில்லை. மறக்காததால்தான் நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதுகிறேன், கிழித்துப் போடாமல் கடைசிவரை படி.

நீ அங்கே போன பிறகு இந்த ஊருக்கு ஒரு பைத்தியம் பிடித்தது. சிநேகித ரொட்டி என்று பேர். யாராவது ஒரு சிநேகிதி ஒரு பிளாஸ்டிக் பையில் கொஞ்சம் புளித்த மாவைக் கொண்டுவந்து கொடுப்பாள். அதைக் குளிர்ப்பெட்டியில் வைக்கக் கூடாது, இரும்புக் கரண்டி படக் கூடாது, சமையல் மேடையிலேயே வைத்துத் தினம் ஒரு தரம் பையோடு சேர்த்துப் பிசைய வேண்டும், உப்பினால் காற்றைத் திறந்துவிட வேண்டும், நடுவில் ஒரு நாள் மாவும் சர்க்கரையும் பாலும் போட வேண்டும். பத்தாம் நாள் மறுபடியும் அதையெல்லாம் போட்டுப் பிரித்து, ஒரு பங்கை நீ வைத்துக்கொண்டு, மூன்று பங்கை மூன்று சிநேகிதிகளுக்குக் கொடுத்துவிட்டு, மீதியில் ரொட்டி சுட வேண்டும். ஒவ்வொரு பையோடும் செய்முறைத் தாள் ஒன்று, மேலே என் சிநேகிதிக்கு என்று எழுதி, கீழே கொடுக்கிறவள் கையெழுத்துப் போட வேண்டும், அது முறை. அந்த மூன்று பேரும் அடுத்த பத்து நாளில் ஆளுக்கு மூன்று பேரைப் பிடிக்க வேண்டும். இத்தனூண்டு ஊர் இதைத் தாங்குமா சொல்லு. கடையில் என்னைப் பார்த்தால் பெண்பிள்ளைகள் தள்ளுவண்டியைத் திருப்பிக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போனார்கள். ஆகஸ்டில் தோட்டத்துச் சுக்கினிக்காய் மிஞ்சிப்போனால் அடுத்தவர் காரில் போட்டுவிட்டு ஓடுவோமே, அதே கதைதான். போதகர் பிரசங்க மேடையில் நின்றே சொன்னார், ஆராதனைக்கு வர்றவங்க காரைப் பூட்டிட்டு வாங்க, இல்லன்னா திரும்பிப் போறப்ப சீட்டுல மாவு உட்கார்ந்திருக்கும், அப்புறம் என்னைத் திட்டக் கூடாது என்று. சபை முழுக்கச் சிரித்தது. நானும் எல்லாரோடும் சேர்ந்து வாயை விரித்தேன்.

எனக்கு அந்த மாவைக் கொடுத்தது ஜெனீவா. சாவுச் சாப்பாடெல்லாம் முடிந்து, கொண்டுவந்த பாத்திரங்களை ஆளாளுக்குத் திருப்பி எடுத்துக்கொண்டு போன பிறகு ஒரு நாள் வந்தாள். கைக்கு ஏதாச்சும் வேலை இருக்கட்டும் அர்லீன், சும்மா சுவத்தைப் பாத்துட்டு உக்காந்திருக்காத என்று பையை மேடையில் வைத்துவிட்டுப் போனாள். எனக்கு வேண்டியிருக்கவில்லை. ஆனால் போகிற போக்கில், பத்திரமாப் பாத்துக்கோடி, அது உயிருள்ளது என்று சொல்லித் தொலைத்துவிட்டாள். அதற்குப் பிறகு குப்பையில் போடக் கை வருமா. காலையில் எழுந்தேன், பிசைந்தேன், காற்றைத் திறந்துவிட்டேன். அதுபாட்டுக்குப் பொங்கியது. உன் தம்பி கர்ட்டைப் பற்றி ஒன்றும் கேட்காமல் என்னை எழுந்து நிற்க வைத்தது அது ஒன்றுதான். சுட்ட ரொட்டி என் வாய்க்கு ருசியாகவும் இல்லை, கசக்கவும் இல்லை. அப்பாதான் ஒரு நாள், ஏம்மா, வீட்ல இருக்கறது ரெண்டு பேரு, அடுக்கி வெச்சிருக்கறது ஆறு ரொட்டி, நாய்கூட மூஞ்சியத் திருப்பிக்குது என்றார். கொடுக்க ஆள் தேடி அலைந்தேன். தபால்காரருக்குக் கொடுத்தேன், பல் டாக்டர் வீட்டு அம்மாவுக்குக் கொடுத்தேன், தானியக் கிடங்கில் வேலை பார்க்கிற பையன்களுக்குக்கூடக் கொடுத்தேன். பிள்ளையைப் பறிகொடுத்தவள் நீட்டினால் வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. அது எனக்குத் தெரியும், தெரிந்தேதான் நீட்டினேன்.

அக்டோபரில் ஜெனீவாவின் மாவு போய்விட்டது. எங்க வீட்டு மனுஷன் மகா சுத்தக்காரரு, கெட்டுப்போச்சுன்னு நெனச்சுத் தொட்டியில ஊத்திட்டாருடி, உன்கிட்ட மிஞ்சினா ஞாயித்துக்கிழமை என் கார் சீட்டுல வெச்சிடு, கதவு திறந்துதான் இருக்கும் என்றாள். அவளுடையது சாம்பல் நிறக் கார், ஆராதனைக்குப் போனபோது அப்படி ஒன்று ஓரமாக மேப்பிள் மரத்தடியில் நின்றது. கதவைத் திறந்து, பையை வைத்து, தாளை அதன்மேல் வைத்துவிட்டு உள்ளே போனேன். சாயங்காலம் ஜெனீவா போன் பண்ணி, வெக்க மறந்துட்டியா என்று கேட்டாள். வைத்தேனே, மரத்தடியில் என்றேன். அர்லீன், என் கார் படிக்கட்டுகிட்டதான் நின்னுச்சு, மரத்தடியில நின்னது வெல்மாவோடது, புதுசா வாங்கியிருக்கா என்றாள். வெல்மாவின் பழைய பச்சைக் கார் என்ன ஆயிற்று, அதில் யார் யார் இருந்தார்கள் என்று உனக்கு நான் எழுத வேண்டியதில்லை. மார்ச்சுக்குப் பிறகு அவள் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, கடைசிப் பாட்டு முடிவதற்குள் எழுந்து போய்விடுகிறவள். அவள் எந்தக் காரில் வருகிறாள், எந்தக் காரில் போகிறாள் என்று நான் தலை தூக்கிப் பார்த்ததே இல்லை. போன் பண்ணி, அது உனக்கு இல்லை வெல்மா என்று சொல்லியிருக்கலாம். போனைக் கையில் எடுத்தேன், முப்பது வருஷமாக மனப்பாடமாக இருந்த நம்பர் மறக்கவில்லை, சுற்றத்தான் விரல் வரவில்லை. போகட்டும், அவளே தூக்கிப் போட்டுவிடுவாள் என்று விட்டுவிட்டேன்.

அவள் தூக்கிப் போடவில்லை. ரொட்டி சுடுகிற நாள் கணக்குக்குச் சரியாக, சாப்பாட்டு நேரத்தில், முன்பெல்லாம் வருகிற சமையலறைக் கதவுக்கே வந்தாள். தட்டவில்லை. வலைக்கதவுக்கு வெளியே அலுமினியத் தாளில் சுற்றிய ரொட்டியோடு நின்றாள். அப்பா பார்த்துவிட்டுத் தொப்பியை எடுத்துக்கொண்டு களஞ்சியத்துக்குப் போய்விட்டார். நான் போய்க் கதவைத் திறந்தேன். உள்ள வரமாட்டேன் அர்லீன், இதை மட்டும் வாங்கிக்கோ என்றாள். ஆள் பாதியாகிவிட்டாள், கோட்டு தோளிலேயே நிற்கவில்லை. நான் சுற்றி வளைக்காமல், வெல்மா, அது ஜெனீவாவுக்கு வெச்சது, உன் காருன்னு தெரியாம வெச்சுட்டேன் என்று சொல்லிவிட்டேன். சொன்னபோது அவள் முகம் எப்படிப் போகும் என்று பார்த்தேன், அதைக்கூட ஏதோ தூரத்தில் நின்று பார்க்கிற மாதிரிதான் பார்த்தேன். அவள் தலையை ஆட்டினாள். தெரியும்டி, எனக்கு இல்லைன்னு பாத்தவொடனே தெரியும், ஜெனீவாகூடக் கேட்டா, என் காருல ஒண்ணும் இல்லைன்னு பொய் சொல்லிட்டேன் என்றாள். ஏன் என்று நான் கேட்கவில்லை, அவளே சொன்னாள். என் பிள்ளை டாட் ரூமை விட்டே வரமாட்டேங்கிறான், சாப்பாட்டைக் கதவுகிட்ட வெச்சா பாதி திங்கிறான், பாதி அப்படியே கிடக்கு. அன்னைக்கு ராத்திரி தண்ணி குடிக்க வந்தவன் மேடையில பையையும் உன் கையெழுத்தையும் பாத்துட்டான். அர்லீன் அத்தையா அனுப்புனாங்கன்னு கேட்டான். நான் ஆமான்னு சொல்லிட்டேன். அதுக்கப்புறம் தினமும் காலையில எழுந்து வந்து அவன்தான் பிசைஞ்சான், காத்தை அவன்தான் திறந்துவிட்டான், இந்த ரொட்டியையும் அவன்தான் சுட்டான். இப்ப நீ இல்லைன்னு சொல்லிட்ட. நான் போய் அவன்கிட்ட சொல்லணும். எப்படிச் சொல்றதுன்னு எனக்குத் தெரியலை.

டெனிஸ், உனக்கு இந்த இடத்தில் கோபம் வரும். எனக்கும் வரும் என்று எதிர்பார்த்துத்தான் நின்றேன். டாட் வேகமாக ஓட்டினான், அது உண்மை. நம் கர்ட் பெல்ட் போடவில்லை, ஜல்லி ரோட்டில் இன்னும் மிதிடா மிதிடா என்று சொல்லிக்கொண்டு வந்தவனும் அவன்தான், அதுவும் உண்மை. ஆஸ்பத்திரியில் டாட் அதை எங்களிடம் சொல்லவில்லை, பின் சீட்டில் இருந்த பையன்தான் சொன்னான். இரண்டையும் நினைத்துப் பார்த்தேன். கோபமும் வரவில்லை, இரக்கமும் வரவில்லை. வெளிக்காற்றில் கால் சில்லிட்டது, அது மட்டும் தெரிந்தது. கதவைச் சாத்துடி, வீட்டுச் சூடெல்லாம் வெளிய போகுது என்றேன். வெளியே நின்று சாத்துவதா, உள்ளே வந்து சாத்துவதா என்று அவளுக்குப் புரியவில்லை. உள்ள வந்து சாத்து என்றேன்.

ரொட்டியை அறுத்தேன். நடுவில் அமுங்கிப்போய் வேகாமல் இருந்தது, லவங்கப்பட்டையை அள்ளிக் கொட்டியிருந்தான். ஒரு கடி கடித்துவிட்டு, உன் பிள்ளைக்கு அடுப்பு கைவரலை, இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருக்கணும் என்றேன். வெல்மா சிரித்தாள், அப்படியே சிரிப்பு அழுகையாகி மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். நான் அவள் முதுகைத் தடவிக்கொடுக்கவில்லை. தடவியிருக்க வேண்டும் என்று நினைத்தேன், கை தட்டுப் பக்கத்திலேயே கிடந்தது. காபி மட்டும் ஊற்றி வைத்தேன். போகும்போது, அவன்கிட்ட என்ன சொல்லட்டும் அர்லீன் என்று கேட்டாள். நீ சொன்னது சொன்னதாவே இருக்கட்டும், நான் அனுப்புனதாவே இருக்கட்டும் என்றேன். மன்னித்துவிட்டாயா அம்மா என்று நீ கேட்பாய். எனக்குத் தெரியாது கண்ணு. அந்தப் பிள்ளை தினம் காலையில் ரூமை விட்டு வெளியே வருகிறான் என்பது மட்டும் தெரியும். அதை நிறுத்துகிறவளாக நான் இருக்க முடியாது.

அதற்குப் பிறகு அவள் இரண்டு முறை வந்துவிட்டாள். கிறிஸ்துமஸுக்கு நீ வந்தாலும் வருவாள், டாட்டும் கூட வரலாம், வரச் சொல்லி நான்தான் சொன்னேன். அப்பாவிடம் கேட்டேன், கதவு உன்னுது, உன் இஷ்டம் என்றார். அன்றைக்கு நீ சொன்ன வார்த்தையை நான் தப்பு என்று சொல்ல மாட்டேன், உன் தம்பிக்காகச் சொன்னாய். ஆனால் உன்னை வரவைப்பதற்காக அவர்களை வராதே என்று சொல்லவும் மாட்டேன். இதைத்தான் போனில் சொல்லப் பயந்தேன்.

மாப்பிள்ளைக்கு எங்கள் அன்பைச் சொல். வெளியே போகும்போது காதை மூடிக்கொண்டு போ, சின்ன வயதிலிருந்தே உனக்குக் காதில்தான் முதலில் குளிர் பிடிக்கும். கிறிஸ்துமஸ் கூட்டத்துக்கு முன்னால் டிக்கெட் எடுக்க வேண்டும் என்பதை நினைவு வைத்துக்கொள். கர்த்தர் உங்கள் இரண்டு பேரையும் ஒரு குறையும் இல்லாமல் வைக்கட்டும். நீ வராவிட்டால் அதையும் தாங்கிக்கொள்கிறேன் என்று எழுதித்தான் இந்தக் கடிதத்தை முடிக்க நினைத்தேன். அந்த இடம் வந்ததும் கை ஓடவில்லை, மார்ச்சுக்குப் பிறகு முதல் தடவையாக எனக்குப் பயமாக இருக்கிறது. வந்துவிடு டெனிஸ்.

உன் அம்மா,
அர்லீன்